இடது சக்கரத்துக்கு வைத்த பொட்டு

ஈஸ்வரமூர்த்தியின் மீசை ஆடியது.

கோபத்தில் அல்ல. லாரியின் வேகம் நாற்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. அந்த நடுக்கம் சீட்டுக்கு இறங்கி, சீட்டிலிருந்து பாலக்காட்டின் பேர்பெற்ற துப்பறிவாளருக்கு ஏறி, கடைசியில் மீசை வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அவரை ஒட்டி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த உதவியாளன் சுவக்கீனுக்கு அதைப் பார்க்கப் பார்க்க உள்ளூரக் குளிர்ந்தது.

காரணம் இருந்தது. அன்று காலையில்தான் இதே மனிதர் மீனாட்சிபுரத்தில் பாதி ஊர் கூடி நிற்க, ஒரு நட்டைத் தூக்கிப் பிடித்துப் பிரசங்கம் செய்திருந்தார். புதுச் சக்கரத்தின் துளையில் நட்டு உட்காரும் குழி கிண்ணம் மாதிரி உருண்டை. போட்டிருந்ததோ பழைய சக்கரத்து நட்டு, கூம்பு முகம். உருண்டைக் குழியில் கூம்பு உட்காராது, அதனால்தான் கழன்றுகொள்கிறது, அதனால்தான் வண்டி ஆடுகிறது என்றார். சரியான நட்டுகளை வரவழைத்து, ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாற்றியும் ஆயிற்று. ஜனங்கள் "ஆகா" என்றார்கள். அந்த நட்டு பொருந்தவில்லை என்று முதலில் விரலால் தடவிக் கண்டுபிடித்தது சுவக்கீன். அவனை எவனும் ஆகா என்று சொல்லவில்லை. ஆபீஸ் பலகையிலும் அவன் பேர் கிடையாது. போகிற வீட்டிலெல்லாம் அவருக்கு நாற்காலி போடுவார்கள். இவனிடம், "நீங்களும் எங்காச்சும் உக்காருங்க" என்பார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"பாத்தீங்களா? புது நட்டு போட்டும் ஆடுது!" ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்த லாரி முதலாளி செங்கோட்டையன் கத்தினார். "இது நட்டுக் கோளாறு இல்லீங்க. காளிச்சாமி பண்ணுன வேலைதானுங்க. சாயங்காலம் அவன ஸ்டேசன்ல ஒப்படைக்கறேன். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும், உள்ள தள்ளிப்போடுவாங்க."

"வண்டிய நிறுத்துங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"நிறுத்துங்க அண்ணாச்சி" என்றான் சுவக்கீன். "சாரோட மீசை கழண்டு விழுந்தா அதுக்குக் கடையில நட்டு கெடையாது."

காளிச்சாமி அந்த ஊர் மெக்கானிக். செங்கோட்டையன் மலைக்குத் தக்காளி ஏற்ற லாரி வாங்கிய நாளிலிருந்து அவன் கையை விட்டு வேறு கை அதன்மேல் பட்டதில்லை. போன மாதம் செங்கோட்டையன் அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கோயமுத்தூரில் கம்பெனி முத்திரை இல்லாத வெளிக்கடைச் சக்கரங்கள் வாங்கி வந்து, வீட்டு வாசலிலேயே பூஜை போட்டு, டிரைவர் மொக்கையனை வைத்து மாட்டிக்கொண்டார். காளிச்சாமி டீக்கடையில் எல்லார் காதிலும் விழும்படி, "அந்தச் சக்கரம் நிக்காது" என்றான். சொன்னபடியே முன்பக்க இடது சக்கரம் ஆட ஆரம்பித்தது. நட்டுகள் திரும்பத் திரும்பத் தளர்ந்தன. கடைசியாகக் கோவிந்தாபுரம் ரோட்டில் ஒரு நட்டு கழன்று ஓட, வண்டி வாய்க்காலில் இறங்கி, மொக்கையனுக்குக் கை முறிந்தது. போதாக்குறைக்கு, காளிச்சாமி விடியற்காலையில் அந்தச் சக்கரத்தண்டை உட்கார்ந்து ஸ்பேனரைத் திருகியதைச் செங்கோட்டையனின் மனைவி கண்ணாலேயே பார்த்திருந்தாள். இப்போது காளிச்சாமி செங்கோட்டையனின் மாட்டுக் கொட்டகையில், பண்ணையாட்கள் காவலில் இருந்தான்.

லாரி ஒரு பனைமரத்தோரம் நின்றது. ஈஸ்வரமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடது சக்கரத்தின் முன் குந்தினார். ஒரே ஒரு நட்டை மட்டும் கழற்றிக் குழியை உற்றுப் பார்த்தார். திரும்ப மாட்டிவிட்டு அடுத்ததைக் கழற்றினார். அப்புறம் இன்னொன்று.

"சுவக்கீனு, இந்தக் குழிய பாரு. என்ன தெரியுது?"

சுவக்கீன் குனிந்தான். புதுச் சக்கரத்தின் சிவப்புப் பெயிண்ட் குழிக்குள்ளும் இருந்தது. நட்டு அழுத்திய இடத்தில் மட்டும் பெயிண்ட் தேய்ந்து இரும்பு பளபளத்தது. ஆனால் பளபளப்பு வட்டமாக இல்லை. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, பிறை மாதிரி இருந்தது.

"நட்டு முழுசா உக்காரல சார். பாதிதான் உக்காந்திருக்கு."

"எல்லாக் குழியிலயும்?"

"எல்லாத்துலயும். எல்லாப் பிறையும் ஒரே பக்கம் பாக்குது."

"அப்ப குத்தம் நட்டு மேல இல்ல. சக்கரமே கோணலா உக்காந்திருக்குது. என்ன நட்டு போட்டாலும் ஓட ஓட நெகிழத்தான் செய்யும்." எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "சக்கரத்தக் கழட்டிப் பாக்கோணும். இதுவரைக்கும் யாராச்சும் கழட்டுனாங்களா?"

"இல்லீங்க" என்றார் செங்கோட்டையன். "நட்டு நெகிழும், இறுக்குவோம், போவோம். வாய்க்கால்ல எறங்குனன்னைக்கும் கயிறு கட்டி இழுத்துட்டு வந்து நட்டத்தான் போட்டோம். ஜாக்கி ஊட்டுல கெடக்குது."

லாரியை மாட்டு வண்டி வேகத்தில் வீட்டுக்குத் திருப்பினார்கள். சுவக்கீன் வழியெல்லாம் உள்ளுக்குள் பொருமிக்கொண்டே வந்தான். பிறையைக் கண்டுபிடித்தவர் அவர். பெரிய மனுஷர்தான், சந்தேகமில்லை. ஆனால் நான்கு பேர் முன்னால் கேள்வி கேட்டு இவன் வாயிலிருந்து பதிலை வரவழைத்து, அப்புறம் அதையே தன் முடிவாகச் சொல்லும் அந்த வித்தை இருக்கிறதே, அதைத்தான் சுவக்கீனால் தாங்க முடியவில்லை.

வாசலில் வண்டி நின்றதும் செங்கோட்டையனின் மனைவி மயிலாத்தாள் காப்பியோடு வந்தாள். கையில் கட்டுப் போட்டிருந்த மொக்கையன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கம் அவள் பார்வை போகவே இல்லை. ஈஸ்வரமூர்த்திக்கு நாற்காலி வந்தது. சுவக்கீன் எங்காச்சும் உட்கார்ந்தான்; அதாவது ஒரு கவிழ்த்த அண்டாவின் மேல். அங்கிருந்து பார்த்தபோதுதான் அவன் ஒன்றைக் கவனித்தான். மயிலாத்தாள் லாரியைச் சுற்றிக்கொண்டு போனாள். கிட்டத்தில் நேர்வழி இருந்தும் ஒதுங்கிப் போனாள். போகிற போக்கில் லாரியின் முகப்பைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தாள்.

அந்தப் பார்வையைச் சுவக்கீன் நன்றாக அறிவான். தினமும் காலையில் ஆபீஸ் பலகையைப் பார்த்து அவன் பார்ப்பதும் அதே பார்வைதான்.

"வண்டி நல்லா அழகா வெச்சிருக்கீய அக்கா" என்று சும்மா ஒரு கல்லை எறிந்தான்.

"நானெங்க வெச்சிருக்கறனுங்க" என்றாள் மயிலாத்தாள் வெடுக்கென்று. "அவரு வெச்சிருக்காரு. அவளுக்குப் புதுச் சக்கரமென்ன, பூவென்ன, பொட்டென்ன. நாந்தான் இந்த ஊட்டுக்கு வந்த சக்களத்தி."

செங்கோட்டையன் சங்கடமாகச் சிரித்தார். ஈஸ்வரமூர்த்தி காப்பியைக் கீழே வைத்தார்.

"அம்மிணி, காளிச்சாமிய பாத்தீங்கன்னு சொன்னீங்களாமா?"

"பாத்தேனுங்க. ஜன்னல்ல இருந்து. விடிஞ்சும் விடியாம வந்து, அந்தச் சக்கரத்தண்ட குந்திட்டு நட்டக் கழட்டிட்டிருந்தான்."

"எப்புடிக் கழட்டுனான்? கையில காட்டுங்க பாக்கலாம்."

மயிலாத்தாள் காப்பித் தட்டை வைத்துவிட்டு, ஸ்பேனரைப் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் சேர்த்து இடப்பக்கமாகத் திருகிக் காட்டினாள். "இப்புடி. பாட்டில் மூடிய தொறக்கறாப்புல. திருகுனான் பாருங்க, பல்லக் கடிச்சுட்டு!"

"பாத்துக்குங்க! என்ற பொண்டாட்டியே..." என்று எழுந்த செங்கோட்டையன் பாதியில் நின்றார்.

"சொல்லுங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "உங்க வண்டிக்கு இடப்பக்க நட்டு எந்தப் பக்கம் சுத்துனா இறுகும்?"

செங்கோட்டையன் மெல்ல உட்கார்ந்தார். "இடப்பக்கந்தானுங்க. இடது சக்கரத்துக்கு மரை தலகீழு."

சுவக்கீன் அண்டாவிலிருந்து குதித்தான். "அப்பிடிப் போடுங்க! கழட்டுதாம்னு சொன்ன ஆளு, இறுக்கிட்டுல்லா இருந்திருக்காம்!"

"ஏனுங்ணா, இத்தன நாளா இதக் கேக்கலியா நீங்க?" என்றார் ஈஸ்வரமூர்த்தி செங்கோட்டையனிடம்.

"கழட்டுனான்னு சொன்னாளுங்க. எந்தப் பக்கம்னு நா எங்கீங்க கேட்டேன்?"

காளிச்சாமியைக் கொட்டகையிலிருந்து கூட்டி வந்தார்கள். குட்டையான, கருத்த மனிதன். தலைமுடியில் வைக்கோல் ஒட்டியிருந்தது. திருட்டுத்தனமாக வந்து ஏன் இறுக்கினாய் என்று கேட்டதும் அவன் கண் கலங்கியது.

"எரிச்சல்தானுங்க" என்றான் ஒளிக்காமல். "நா பாத்துப் பாத்து வெச்ச வண்டி. எவனோ கோயமுத்தூர்க்காரன் சக்கரத்தப் போட்டு, மொக்கையன் மாட்டறான். நா ஒரு ஓரமா நின்னு வேடிக்க பாக்கறேன். வவுறு பத்திக்கிச்சுங்க. அந்தச் சக்கரம் நிக்கக் கூடாதுன்னுதான் நெனச்சேன். ஆனா நட்டு நெகிழ்ந்திருக்கறதக் கண்ணுல பாத்துப்போட்டு எப்புடிங்க சும்மா போறது? மலையில அண்ணன் வேற ஓட்டறாரு. அதான் ஆளில்லாத நேரமா வந்து இறுக்கிட்டுப் போனேன்."

மொக்கையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி, ஜாக்கி எங்க?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

வண்டியை ஏற்றினார்கள். கை முறிந்த மொக்கையன் வழி சொல்ல, சுவக்கீன் நட்டுகளைக் கழற்றினான். முதல் நட்டை வழக்கமான பக்கமே திருகி, அதை இன்னும் இறுக்கிவிட்டு, காளிச்சாமியிடம் ஒரு பரிதாபப் பார்வையை வாங்கிக் கட்டிக்கொண்டான். பண்ணையாட்கள் இரண்டு பேர் சக்கரத்தைப் பிடித்து இழுத்துக் கவிழ்த்தார்கள். அதன் முதுகு, அச்சின் முகத்தோடு ஒட்டி உட்காரவேண்டிய பக்கம், வானத்தைப் பார்த்தது.

"ஐயோ!" என்றார் செங்கோட்டையன்.

சக்கரத்தின் முதுகில் காய்ந்த சந்தனம் அப்பியிருந்தது. சந்தனத்துக்கு நடுவில் குங்குமப் பொட்டு. பொட்டுக்கு அடியில், மெழுகு வைத்து ஒட்டி, மடித்து நசுங்கிய ஒரு செப்புத் தகடு. எட்டணாக் காசுக் கனம் இருக்கும். தகட்டில் கட்டமும் எழுத்தும் கீறியிருந்தன.

"இதுதான் கோணல்" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இத்தனூண்டு தடுக்குனாப் போதும். மத்த பக்கம் ஒட்டாது."

ஆனால் அதைக் கேட்க ஆள் இல்லை. "செய்வினை!" என்று ஒரு பண்ணையாள் பின்வாங்கினான். செங்கோட்டையன் காளிச்சாமியின் சட்டையைப் பிடித்துவிட்டார். "எரிச்சல்னு உன்ற வாயாலயே சொன்னயே! நட்ட இறுக்கற மாதிரி நடிச்சுப்போட்டு, மலையாளத்து மந்திரவாதிகிட்டப் போயி என்னக் கொல்லத் தகடு வாங்கியாந்தயாடா!"

விஷயம் ஒரு நொடியில் நட்டிலிருந்து கொலைக்குப் போய்விட்டது. இனி ஸ்டேஷன் வரைக்கும்கூட விடமாட்டார்கள், இங்கேயே கையைக் காலை முறித்துவிடுவார்கள் என்று சுவக்கீனுக்குத் தெரிந்தது. காளிச்சாமி தடுக்கக்கூட இல்லை. அந்தத் தகட்டையே வெறித்துக்கொண்டு நின்றான்.

"கைய எடுங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி. சத்தம் போடவில்லை, ஆனால் செங்கோட்டையன் கை தளர்ந்தது. "தகட்டப் பாக்கறீங்க. பொட்டப் பாருங்க. வண்டிக்குப் பொட்டு வெக்கறவங்க முகத்துல வெப்பாங்க. முதுகுல யாரு வெப்பா? சக்கரத்த மாட்டுன பின்னால முதுகு கண்ணுக்குத் தெரியாது, கையும் போகாது. மாட்டறதுக்கு முன்னாலயே வெச்சாத்தான் உண்டு. தகட்ட மறைக்கத்தான் பொட்டு. மாட்டறதுக்கு முன்னால இந்தச் சக்கரத்துக்குச் சந்தனம் பூசுனது யாரு?"

மொக்கையன் மெதுவாகச் சொன்னான். "நா மாட்டறப்பவே பூசியிருந்துச்சுங்க. பூஜைக்குத்தான்னு நெனச்சு நா கவனிக்கல."

எல்லார் கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது.

மயிலாத்தாள் வாசற்படியில் சாய்ந்து நின்றாள். அழுகை தானாக வந்தது. "நாந்தானுங்க" என்றாள். "கொல்லறதுக்கில்லீங்க. வண்டி மலை ஏறக் கூடாதுன்னு ஒரு மந்திரவாதிகிட்டக் கேட்டேன். சக்கரத்தோட முதுகுல வெய்யி, மலையேறாதுன்னு சொல்லிக் குடுத்தாரு. மொக்கையனுக்குக் கை போனதும் ஈரக்கொலயே நடுங்கிப் போச்சு. அப்பறம் காளிச்சாமி திருகறதப் பாத்தேனுங்களா... சரி, அவன் கழட்டுனதாலதான் ஆச்சு, என்ற தகடால இல்லன்னு மனசத் தேத்திக்கிட்டேன்."

"மலை ஏறுனா உனக்கென்ன?" செங்கோட்டையன் அவள் பக்கம் திரும்பினார். "மலையில நாந்தானே ஓட்டறேன்! கொண்டை ஊசி வளைவுல இந்தச் சக்கரம் கழண்டிருந்தா?"

"அங்கதான் அவ இருக்கறாளே!" என்று அவளும் வெடித்தாள். "எங்கிட்ட மலைக்குப் போறேம்பீங்க. மொக்கையங்கிட்ட மட்டும், தேவிக்குப் போலாமா, தேவிக்குப் போயி ரெண்டு நாளாச்சும் தங்குனாத்தான் ஒடம்பு குளுந்து வருதும்பீங்க. தூக்கத்துலகூட தேவி, தேவி! யாருங்க அந்த தேவி? இப்பவே எனக்குத் தெரிஞ்சாகோணும்."

செங்கோட்டையன் திருதிருவென்று விழித்தார். "தேவியா?"

ஈஸ்வரமூர்த்தி தாடையைத் தடவினார். அவர் முகத்தில் ஒரு கேள்விக்குறி தெரிந்ததைச் சுவக்கீன் பார்த்தான். அந்த முகத்தில் அப்படி ஒன்றை அவன் அதுவரை பார்த்ததே இல்லை. கேஸ் முழுக்கத் தெரிந்த மனுஷருக்கு தேவியைத் தெரியவில்லை.

சுவக்கீன் சிரிக்க ஆரம்பித்தான். அடக்க முடியவில்லை.

"அக்கா, அழாதிய. தேவிய எனக்குப் பொறந்ததுல இருந்து தெரியும். எங்கம்மா மதலேனம்மாள் இன்னைக்கும் தேவியிலதான் தேயில கிள்ளுதா. எம் பொஞ்சாதி சிசிலிய நாங் கெட்டுனதும் தேவியிலதான். தேவின்னா பொம்பள இல்லக்கா, தேவிகுளம்! மூணாறு பக்கத்துல இருக்குல்லா, எங்க ஊரு. லாரிக்காரங்க மலை ஏறுத அவசரத்துல குளத்த வழியிலயே விட்டுட்டுப் போயிருவாங்க."

"ஆமாமுங்க" என்றான் மொக்கையன். "நாங்க தேவின்னுதான் சொல்லுவோம். தக்காளி எறக்கிப்போட்டு, திரும்பத் தேயிலைப் பெட்டி ஏத்தறது அங்கதான்."

மயிலாத்தாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் முகத்தில் பொய் இல்லை. "ஊருங்களா?" என்றாள், இன்னும் நம்பாமல். அப்புறம் மொக்கையனின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். இத்தனை நாள் பார்க்கத் துணியாத கை அது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றான் சுவக்கீன், சூழ்நிலையைக் கொஞ்சம் இளக்க. "அந்த மந்திரவாதி வாக்கு பலிச்சிருக்கு. வண்டி மலை ஏறல. மந்திரத்தால இல்ல, தகட்டோட கனத்தால."

காளிச்சாமி அதற்குள் குந்தி, சுரண்டியால் சந்தனத்தையும் மெழுகையும் வழித்துக்கொண்டிருந்தான். அச்சின் முகத்தையும் துணியால் துடைத்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அவனும் யாரையும் கேட்கவில்லை. சக்கரத்தைத் தூக்கி மாட்டி, எதிரும் புதிருமாக ஒவ்வொரு நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான். செங்கோட்டையன் அவன் பக்கத்தில் போய் நின்றார். அவன் தலைமுடியிலிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டார்.

"மனசுல வெச்சுக்காத காளி."

"அந்தக் கடைசி நட்டு எடுத்துக் குடுங்ணா" என்றான் காளிச்சாமி. பிறகு லாரியில் கையை ஊன்றி நிமிர்ந்து, மயிலாத்தாளைப் பார்த்தான். "அழுவாதீங்க அம்மிணி. எனக்கும் இவளால அதே எரிச்சல்தான். நீங்க தகடு வெச்சீங்க, நா வாய வெச்சேன்."

மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். நாற்பது, ஐம்பது, அறுபது. ஸ்டியரிங் அசையவில்லை. மீசையும் அசையவில்லை. தக்காளிக் கூடைகள் காலையிலிருந்தே காத்திருந்தன. பொழுது சாய்வதற்குள் மலையடிவாரமாவது சேரவேண்டும் என்று ஆட்கள் ஏற்ற ஆரம்பித்தார்கள். மொக்கையனின் கை ஆறும்வரை மலையேற்றத்துக்குத் தானே துணைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, காளிச்சாமி தன் ஸ்பேனர்களை எடுக்கப் பட்டறைக்கு ஓடினான்.

அவன் திரும்பி வந்தபோது, முன் சீட்டில் அவன் உட்காரவேண்டிய ஜன்னலோரத்தில் மயிலாத்தாள் உட்கார்ந்திருந்தாள். சீலை மாற்றி, தலையில் பூ வைத்து, மடியில் ஒரு துணிமூட்டை.

"நீ எங்க வாற?" என்றார் செங்கோட்டையன்.

"ஊருன்னு சொன்னீங்கல்ல? நானும் ஒருக்கா அந்த தேவியப் பாக்கோணும்."

காளிச்சாமி பின்னால் ஏறித் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டான். போகும்போது அவன் பார்வை ஜன்னலோரத்திலேயே இருந்ததைச் சுவக்கீன் கவனித்தான். லாரி ஒரு சிறு ஆட்டமும் இல்லாமல் புழுதிக்குள் மறைந்தது.

பஸ் வர நேரம் இருந்தது. ஈஸ்வரமூர்த்தி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் இரண்டு பேர் கடந்து போனார்கள். "அந்தத் தேவி வெசயத்தக் கண்டுபிடிச்சவரு இவருதானுங்க" என்று ஒருவன் சுவக்கீனைக் காட்டினான். நாற்காலிக்காரரை அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர்கள் தலை மறைந்ததும் ஈஸ்வரமூர்த்தி தொண்டையைக் கனைத்தார்.

"தேவின்னா தேவிகுளம்னு எனக்கும் அப்பவே தோணுச்சு, சுவக்கீனு. சரி, நீ சொல்லிட்டுப் போன்னு உட்டுட்டேன்."

சுவக்கீன் அவரை நிதானமாகத் திரும்பிப் பார்த்தான். அந்தக் குரல் அவனுக்குப் பழக்கமான குரல். 'எனக்கும் அப்பவே தெரியும்' என்று வீட்டில் சிசிலியிடம் அவன் தினமும் பேசும் குரல்.

"சார்" என்றான் அன்பாக. "லாரிதான் போயிருச்சே. உங்க மீசை ஏன் சார் இன்னும் ஆடுது?"